முப்பத்து நாலு கிலோ

வாங்க தம்பி, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஹெச்.எம். அம்மா மீட்டிங் போயிருக்காங்க. அவங்க இல்லாதப்போ நான்தான் எல்லாம். அவங்க இருக்கும்போதும் நான்தான், அது வேற விஷயம். என் பேரு பிரமநாயகம். உதவித் தலைமையாசிரியர், சரித்திரம் எடுக்கேன். லெட்டரைக் கொடுங்க. ம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் நாடகப் பட்டறை. வசனம் கிடையாது, உடம்பாலயே நடிக்கது. சரி சரி. டீ சொல்லியிருக்கேன், வரும்.

எனக்கு நாடகம் ஆகாதுன்னு நெனச்சிராதீங்க. போன வருசமும் இதே மாதிரி ஒரு லெட்டர் வந்துச்சு. ஹெச்.எம். அம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க. பிள்ளைகளுக்கு ஒரு மாறுதலா இருக்கட்டும்னு சிபாரிசு பண்ணினவன் நான். அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னே அந்தக் கதையை உங்ககிட்ட சொல்லிரணும். ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லுதேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சது தப்பா சரியான்னு.

மொதல்ல இந்தப் பள்ளிக்கூடத்தைத் தெரிஞ்சுக்கிடணும். மேலத் தெருப் பிள்ளைகளும் இங்க வருது, காலனிப் பிள்ளைகளும் வருது. நான் ரெண்டுலயும் சேத்தி இல்லை. அதனால என்னால பொதுவாப் பார்க்க முடியுது. நான் இங்க வந்த புதுசுல ஒவ்வொருத்தன் மணிக்கட்டுலயும் கயிறு கிடக்கும். இந்தத் தெருவுக்கு இந்தக் கலர், அந்தத் தெருவுக்கு அந்தக் கலர். காம்பஸ் பெட்டியைத் திறந்தா காம்பஸ் இருக்காது, கத்தி இருக்கும். வாரத்துக்கு ஒரு மண்டை உடையும். கயிறு கட்டக் கூடாதுன்னு மேலேர்ந்து உத்தரவு வந்த அன்னிக்கு, கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னவன் நான். யாரையும் விடலை. ஒரே வாரத்துல ஒரு கையில கயிறு கிடையாது.

அப்புறம்தான் சிரமம் தெரிஞ்சுது. எவன் எந்தப் பக்கம்னு எனக்கே தெரியாமப் போச்சு. யாரை யார் பக்கத்துல உக்கார வைக்கது? அதுக்காக ஒரு நோட்டுப் போட்டேன். பென்சில்லதான். பேருக்கு நேரே ஒரு புள்ளி, இல்லேன்னா ஒரு கோடு. வேற ஒண்ணும் எழுத மாட்டேன். அதை வெச்சுத்தான் பெஞ்சு போடுவேன், தண்ணிக் குழாய்க்கு வரிசை விடுவேன், சத்துணவுக்கு உக்கார வைப்பேன். போன வருசத்தோட ஆறு வருசமா ஒரு அடிதடி இல்லை தம்பி. ஆறு வருசம். அந்தா மேல மாட்டியிருக்கே, அது மாவட்டத்துல எனக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரம். நல்லிணக்கத்துக்காக. கண்ணாடிதான் கொஞ்சம் விரிஞ்சு போச்சு.

இப்படி இருக்கும்போது அந்த மேடம் வந்தாங்க. இளவேனில்னு பேரு. உங்க வயசுதான் இருக்கும், மெட்ராஸ் பக்கம். முடியைக் குட்டையா வெட்டி, செருப்பை வாசல்ல கழட்டிப் போட்டுட்டு, பிள்ளைகளோட தரையில உருண்டாங்க. எங்க பி.டி. மாஸ்டர் தங்கத்துரைக்கு அதுலயே பாதிக் கோபம். அவர் பீரியடைப் பிடுங்கிட்டாங்களாம். அவர் என்னிக்கு அந்தப் பீரியடை எடுத்தாரு? பந்தை வீசிட்டு வேப்ப மரத்தடியில உக்காந்திருப்பாரு. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி ஆரம்பம். பதினஞ்சாம் தேதி கொடியேத்தி முடிச்சதும் ஊருக்கு முன்னால நாடகம். அதான் பேச்சு.

நான் ஹால் வாசல்ல நாற்காலி போட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். யாராவது ஒரு பெரிய ஆள் இருக்கணும்லா? மொத நாள் வட்டமா நின்னு கை கோத்துக்கிடுங்கன்னாங்க. ஒருத்தனும் கோக்கலை. அவனவன் தன் தெரு ஆளைத் தேடி நகந்து நகந்து, வட்டம் ரெண்டாப் பிஞ்சு போச்சு. மேடத்துக்கு ஒண்ணும் புரியலை. எனக்குப் புரிஞ்சுது. நோட்டை எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன். இதைப் பார்த்து ஆள் பிரிச்சுக்கிடுங்க மேடம், நோவாம முடியும்னு சொன்னேன். புள்ளின்னா என்ன, கோடுன்னா என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். நோட்டை மூடி என் கையிலயே கொடுத்துட்டாங்க. மறுநாள் தங்கத்துரை ரூம்லேர்ந்து எடை மெஷினைத் தூக்கிட்டு வந்து, ஒவ்வொருத்தனையா ஏத்தி நிறுத்தி எடையை எழுதிக்கிட்டாங்க. அவங்க கணக்கு அதுதான். கனமானவன் கீழே, லேசானவன் மேலே. எடையைத் தவிர வேற எதையும் அவங்க பார்க்கலை.

நாடகத்துல, மழை இல்லாத ஒரு ஊர். அந்த ஊர்ச் சனம் எல்லாம் சேர்ந்து தங்கள் உடம்பாலயே ஒரு மலையைக் கட்டுது. ஒருத்தன் மலை உச்சிக்கு ஏறி மேகத்தைக் கூப்பிடுதான். அவ்வளவுதான் கதை. பொம்பளப் பிள்ளைகள் ஓடுற ஆறு, பையன்கள் மலை. மலைக்கு நடுவுல நிக்கதுக்கு மேலத் தெரு சிவபாலன். அம்பத்தெட்டு கிலோ, ஆள் சும்மா தூண் மாதிரி. உச்சிக்கு ஏறுறது காலனி இசக்கிராஜ். முப்பத்து நாலு கிலோ. ஒருத்தன் தொடையில ஒரு கால், இன்னொருத்தன் இடுப்புல ஒரு கால், மூணாவது எட்டு நேரா சிவபாலன் தோள்.

வேண்டாம் மேடம்னு சொல்ல எந்திரிச்சேன். ஆனா அவங்க ஒரு முறை வெச்சிருந்தாங்க. உங்களுக்கும் இருக்கும். ஒருத்தன் மேல ஏறுறதுக்கு முன்னால முதுகுல ரெண்டு தட்டு தட்டணும். வரட்டுமான்னு அர்த்தம். கீழே நிக்கவன் வாய் திறந்து 'வா'ன்னு சொல்லணும். நாடகத்துல வசனமே கிடையாது, அந்த 'வா' மட்டுந்தான் சத்தம். அதைக் கேட்காம எவனாவது காலை வெச்சா, விளையாட்டுக்கு வெச்சாக்கூட, அன்னிக்கு அவனுக்குப் பயிற்சி கிடையாது. மூலையில உக்காரணும்.

மூணு நாள் ஆச்சு அந்த 'வா' வர. சிவபாலன் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பான். இசக்கிராஜ் ரெண்டு தட்டு தட்டிட்டுக் காத்துக் கிடப்பான். மேடம் தரையைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நாலாம் நாள், என்ன தோணிச்சோ, 'வா'ன்னுட்டான். இவன் ஏறினான் பாருங்க. நான் பேனாவை மூடி வெச்சேன். ஒரு பூனை மதில்ல ஏறுதே, அதுக்குக்கூடச் சத்தம் கேட்கும். மேல போய் நின்னு கையை விரிச்சான். பிள்ளைகள் எல்லாம் மூச்சை அடக்கிக்கிட்டு நின்னுது. எனக்குக் கண் கலங்கிப் போச்சு, மறைக்கலை. இருபத்தாறு வருச சர்வீஸ்ல நான் பார்க்காத ஒண்ணு அது.

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணாவே திரிஞ்சானுக. சத்துணவு முட்டையை ஒருத்தன் உரிப்பான், ரெண்டு பேரும் பிச்சுத் திம்பானுக. மஞ்சக்கரு பிடிக்காதாம் சிவபாலனுக்கு. எல்லாம் எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு தம்பி. பயமாவும் இருந்துச்சு. பயம் இல்லாத சந்தோஷம் இந்த ஊர்ல ஏது?

பத்தாம் தேதி எவனோ ஜன்னல் வழியா போன்ல வீடியோ எடுத்துட்டான். மத்தியானத்துக்குள்ள அது மேலத் தெரு டீக்கடைக்குப் போயிருச்சு. மூணு மணிக்கு சிவபாலனோட தாய்மாமனும் இன்னும் நாலு பேரும் வந்துட்டாங்க. இதே ரூம்தான், நீங்க உக்காந்திருக்க நாற்காலிதான். சண்டை போட வரலை, பாத்துக்கிடுங்க. ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. தாய்மாமன் சொன்னாரு: "சாரு, நாடகம் போடுங்க, நாங்களும் வந்து பார்க்கோம். ஆனா எங்க பிள்ள தோள்ல அவன் காலு இருக்கக் கூடாது. ஊரு பார்க்க இருக்கக் கூடாது. அப்புறம் என்ன நடந்தாலும் எங்களக் கேக்கப்பிடாது."

நீங்க என் எடத்துல இருந்தா என்ன செய்வீங்க? போலீசுக்குச் சொல்லலாம். சொன்னா ஆறு வருசம் போச்சு. நாடகத்தையே நிறுத்தலாம். நிறுத்தினா காலனியில கேட்பாங்க, ஏன்னு. பாம்பும் சாகணும், கம்பும் முறியக் கூடாதும்பாங்க. நான் பாம்பும் சாகக் கூடாதுன்னு நெனைக்கவன். யோசிச்சேன். ஒரு வழி கெடச்சுது. மலை இருக்கட்டும். நாடகம் இருக்கட்டும். ரெண்டு பேரும் இருக்கட்டும். மேலே இருக்கவன் கீழே நிக்கட்டும், கீழே இருக்கவன் மேலே ஏறட்டும். யாரையும் நீக்கலை பாத்தீங்களா? யாருக்கும் நஷ்டம் இல்லை.

மேடம் முகம் வெளுத்துப் போச்சு. அம்பத்தெட்டு கிலோவை முப்பத்து நாலு கிலோ எப்படி சார் தாங்கும்னு கேட்டாங்க. ஒரு நாள்தானே மேடம், ஒரு நிமிஷந்தானேன்னேன். அப்போ மலையே வேண்டாம்னாங்க. அழைப்பிதழ்ல 'மலை'ன்னு அச்சடிச்சாச்சே. அவங்களை அனுப்பின ஆபீசுக்குப் போன் போட்டாங்க. அங்கேயும் ஸ்கூலோட அனுசரிச்சுப் போங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க போல. ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அழுதாங்க. நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். பையன்கிட்ட மட்டும் காரணத்தைச் சொல்லிராதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். பச்சப் பிள்ளை மனசு நொந்து போயிரும்லா. அதை நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்னேன்.

இசக்கிராஜை இங்கதான் கூப்பிட்டேன். வந்து அந்தக் கதவோரமா நின்னான். நீ இனிமே கீழே நில்லு, சிவபாலன் ஏறுவான்னு சொன்னேன். ஏன் சார்னு கேட்கலை. அவன் கேட்டது வேற. "சார், நான் ஒழுங்கா ஏறலையா?"

நீ இன்ன தெரு, அதனால ஏறக் கூடாதுன்னு ஒரு வாத்தியார் ஒரு பிள்ளைகிட்ட சொல்லலாமா? என் வாயால அந்தச் சொல் வரலாமா? அதனால சொன்னேன். "ஆமாப்பா. உன் எட்டு சரியில்லை. மூணாவது எட்டுல தடுமாறுத."

அதுக்கப்புறம் நாலு நாளும் மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சதும், அந்தா தெரியுதே தண்ணித் தொட்டி, அதுல ஏறினான். மொத எட்டு குழாய்த் திட்டு, ரெண்டாவது எட்டு செங்கல் விளிம்பு, மூணாவது எட்டு தொட்டிச் சுவர். ஏறி நிப்பான், கையை விரிப்பான், எறங்குவான். மறுபடி ஏறுவான். சோறு ஆறிப் போய்க் கிடக்கும். எட்டைச் சரி பண்ணிட்டா மறுபடி ஏற விடுவாங்கன்னு நெனச்சிருப்பான் போல. இந்த ஜன்னல் வழியா நான் பார்ப்பேன். ஒரு தடவைகூடத் தடுமாறலை. கூப்பிட்டுச் சொல்லிரலாமான்னு ரெண்டு தடவை எந்திரிச்சேன். சொன்னா காரணமும் சொல்லணும்லா. உக்காந்துட்டேன்.

மேடம் பதினாலாம் தேதி சாயங்காலப் பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. இதுக்கு மேல நான் நின்னா அது நானே செஞ்ச மாதிரி ஆகும் சார்னு சொன்னாங்க. போறதுக்கு முன்னே இசக்கிராஜைப் பார்க்கணும்னாங்க. கிளாஸ் நடக்குன்னு சொல்லிட்டேன். கணக்கு கிளாஸ். பாதியில எழுப்புறது முறை இல்லை.

பதினஞ்சாம் தேதி ஊரே வந்துச்சு. அதுக்கு முந்தி எந்தச் சுதந்திர தினத்துக்கும் அவ்வளவு கூட்டம் கண்டதில்லை. காலனி ஆட்கள் வேப்ப மரத்துக்குத் தெக்க, மேலத் தெரு வடக்க. நடுவுல நான் கயிறு கட்டியிருந்தேன். பொம்பளப் பிள்ளைகள் ஆறு மாதிரி வளைஞ்சு வந்து போச்சு, கைத்தட்டு. பையன்கள் மலை கட்டினானுக. நடுவுல இசக்கிராஜ் குனிஞ்சு நின்னான். சிவபாலன் வந்து அவன் முதுகுல ரெண்டு தட்டு தட்டினான். பழக்கம். தட்டிட்டு நின்னான்.

இசக்கிராஜ் வாயைத் திறக்கதுக்குள்ள வடக்கேர்ந்து அந்தத் தாய்மாமன் சத்தம் கொடுத்தாரு. "அவன்கிட்ட என்னலே கேள்வி? ஏறுலே."

எல்லாரும் சிரிச்சாங்க. விசில் பறந்துச்சு. இசக்கிராஜ் குனிஞ்ச வாக்குல தலையை மட்டும் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தான். அப்புறம் வாசப் பக்கமா நின்ன என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போதான் தெரிஞ்சுது. நான் அவ்வளவு பக்குவமா மறைச்சு வெச்சிருந்ததை ஒரே வார்த்தையில போட்டு உடைச்சுட்டாரு அந்த மனுசன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை.

சிவபாலன் ஏறிட்டான். 'வா' வரலை, ஏறிட்டான். மேடம் இருந்திருந்தா மூலையில உக்கார வெச்சிருப்பாங்க. அம்பத்தெட்டு கிலோ தம்பி. இசக்கிராஜ் கால் ரெண்டும் நடுங்குது, கழுத்து நரம்பு புடைச்சு நிக்குது. விழலை. தாங்கிட்டான். மேலே சிவபாலன் மேகத்தைக் கூப்பிடணும், கையை விரிக்கவே இல்லை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தன் கால் எங்க இருக்குன்னு பார்த்தபடியே நின்னான். கூட்டத்துக்கு அது எங்க தெரியுது? கைத்தட்டு வானத்தைப் பிளந்துச்சு. நானும் தட்டினேன். ஒரு அசம்பாவிதம் இல்லாம முடிஞ்சுதே. மிட்டாய் கொடுத்து அனுப்பி வெச்சேன்.

மறுநாள் பிரேயர்ல பார்க்கேன், இசக்கிராஜ் கையில கயிறு. அவங்க பக்கத்துக் கலர். அதுவரைக்கும் கயிறே கட்டாத பையன் அவன், சொன்னா நம்புங்க. கூப்பிட்டேன். கையை நீட்டுன்னேன், நீட்டினான். அறுத்தேன். உத்தரவு எல்லாருக்கும் ஒண்ணுதானே. அப்போ சொன்னான், "நான் ஒழுங்காத்தான் சார் ஏறினேன்"னு. கேள்வியா இல்லை, சும்மா சொன்னான். கிளாசுக்குப் போன்னேன். மறுநாள் ரெண்டு கயிறு. அறுத்தேன். அதுக்கு மறுநாளும் கத்திரிக்கோலோட வாசல்ல நின்னேன். அவன் வரலை.

ஒரு மாசம் கழிச்சு அவன் அம்மா வந்து டி.சி. வாங்கிட்டுப் போச்சு. நடத்தைங்கிற கட்டத்துல 'மிக நன்று'ன்னு என் கையால எழுதிக் கொடுத்தேன். 'நன்று'ன்னு போட்டாலே போதும், நான் 'மிக' சேர்த்தேன். இப்போ எங்கேயோ கட்டட வேலையில இருக்கான். சாரத்துல ஏறுறதுல அவனை மிஞ்ச ஆள் இல்லைன்னு மேஸ்திரி சொன்னாராம். மேடம் சொல்லிக் கொடுத்தது ஒண்ணும் வீணாப் போகலை பாத்துக்கிடுங்க.

சிவபாலன் பத்தாவது படிக்கான். நல்ல பையன், ஒரு தொந்தரவு கிடையாது. யார்கூடவும் பேசுறதில்லை. பக்கத்துல ஆள் வந்தா எந்திரிச்சுத் தள்ளி உக்காந்துக்கிடுதான். முட்டை வாங்கினா மஞ்சக்கருவைப் பிச்சுத் தட்டு ஓரத்துல வெச்சிருப்பான், மணி அடிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். அடிதடி ஒண்ணும் இல்லை. ஏழு வருசம் ஆச்சு இதோட.

டீ வந்துருச்சு. எடுத்துக்கிடுங்க.

நீங்க டீயைத் தொடவே இல்லையே. தப்புன்னு நெனைக்கீங்களோ? நெனைச்சுக்கிடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். அவன் தடுமாறவே இல்லை. அவ்வளவு அழகா ஒரு பிள்ளை ஏறி நான் பார்த்ததில்லை. இதை உங்ககிட்ட சொல்ல முடியுது, என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லிட்டேன். அவன்கிட்ட மட்டும் சொல்லலை. ரெண்டு நாள் அவன் கையைப் பிடிச்சு நின்னேன், கயிறு அறுக்கும்போது. அப்பக்கூடச் சொல்லலை. இனிமே எங்க போய்ச் சொல்ல? சொன்னாத்தான் என்ன ஆகப் போகுது?

சரி, விடுங்க. உங்க பட்டறைக்கு நான் அனுமதி கொடுக்கேன். நாடகம் நல்லதுதான். ஆனா ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். டிராயிங் மாஸ்டர்கிட்ட சொல்லி ஹால் தரையில பெயின்ட்ல வட்டம் போட்டாச்சு. ரெண்டடி தள்ளித் தள்ளி, பிள்ளைக்கு ஒரு வட்டம். அவனவன் வட்டத்துக்குள்ள நின்னு என்ன வேணா நடிக்கட்டும். மரமா நிக்கட்டும், மழையாப் பெய்யட்டும். வட்டத்தை விட்டு வெளிய வரக் கூடாது, யாரும் யாரையும் தொடக் கூடாது. தொடாம எப்படி சார்னு கேக்கீங்க. பழகிட்டா ஒண்ணும் தெரியாது தம்பி. நாங்க இல்லையா?

எடை மெஷின் கேட்காதீங்க, அது என் பீரோவுல இருக்கு. எந்தப் பிள்ளை எந்த வட்டம்னு இந்த நோட்டைப் பார்த்து நானே நிறுத்திக் கொடுத்துருவேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. தேதி போடுங்க.

ஆமா, உங்க பேரு என்ன சொன்னீங்க? ம். நல்ல பேரு, பேரை வெச்சு ஒண்ணும் பிடிபடலை. அப்பா பேரு? சரி. சொந்த ஊரு எது? அடடே, அந்த ஊரா, எனக்கு நல்லாத் தெரியுமே. ஊருக்குள்ள எந்தத் தெரு? தப்பா நெனைக்காதீங்க தம்பி, சும்மாத்தான் கேக்கேன். பென்சில்லதான் போடுவேன்.